சோறு போட்ட ஊரும் அடிமை ஏற்றிய கப்பலும்

கடுகண்ணாவை ஏற்றத்தைச் சென்ற வாரமே கடந்துவிட்டோம். அதற்கப்பால் கண்டி வீதியின் இரு பக்கமும் பித்தளை மின்னத் தொடங்கினால் பிலிமத்தலாவை வந்துவிட்டது என்று கொள்ளலாம். குத்துவிளக்கும் செம்பும் யானைச் சிலையும் அடுக்கிய கடைகள் வரிசையாக நிற்கும். ஊர்ப் பெயரைக் கேட்டதும் சரித்திரம் படித்தவர்களுக்கு பிலிமத்தலாவை அதிகாரம் நினைவுக்கு வருவார். 1798இல் கண்ணுசாமி என்ற நாயக்க இளைஞனைக் கண்டி அரியணையில் ஏற்றியவர் அவர்தான். அவர் கதைக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும். இப்போது பிரதான வீதியை விட்டு தெற்கே உடுநுவரைக் கிராமங்களுக்குள் போவோம். அங்கே எலதெத்த என்றொரு ஊர் உண்டு. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே ஓர் ஆங்கிலேயக் கைதி வீடு கட்டி வாழ்ந்தான். பெயர் ரொபர்ட் நாக்ஸ்.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே அடித்த புயலில், நாக்ஸும் அவன் தந்தையும் வந்த ‘ஆன்’ என்ற கப்பலின் பாய்மரம் சிதைந்தது. அதைச் செப்பனிடத் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். கப்பல் தலைவனாக இருந்த தந்தையையும், பத்தொன்பது வயது மகனையும், மாலுமிகள் சிலரையும் 1660 ஏப்ரலில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அரசன் அவர்களைச் சிறையில் அடைக்கவில்லை. கிராமங்களுக்குப் பிரித்து அனுப்பி, ஊரார் முறைவைத்துச் சோறு கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டான். தங்களுக்கே போதாத நெல்லை விளைவித்த குடியானவர்கள், முன்பின் தெரியாத, மொழி புரியாத, வேறு நிறத்து மனிதர்களுக்குச் சோறும் கறியும் கொண்டுவந்து வைத்தார்கள்.

தந்தைக்கும் மகனுக்கும் வாய்த்த ஊர் பண்டார கோஸ்வத்தை. இருவரும் காய்ச்சலில் விழுந்தார்கள். 1661 பெப்ரவரியில் தந்தை இறந்தார். மகனுக்கும் எழுந்து நிற்கத் தெம்பில்லை. பிணத்தை அடக்க உதவி கேட்டு ஆளனுப்பினான். ஊரார் மாடு கட்டும் கயிற்றோடு வந்தார்கள். கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துப் போகலாம், வேறு உதவி வேண்டுமானால் கூலி கொடு என்றார்கள். தினமும் சோறு கொடுத்தவர்களும் அவர்கள்தான், கயிற்றோடு வந்தவர்களும் அவர்கள்தான். கடைசியில் கூலிக்கு ஒருவன் கிடைத்தான். காய்ந்து இறுகிய மண்ணில் குழி வெட்டித் தந்தையை அடக்கம் செய்தார்கள்.

அந்தக் குழியருகே இன்னொருவனும் நின்றான், ஒரு சிறுவன். தந்தை அவனைத் தமக்குப் பணிவிடை செய்யப் பரங்கிப்பேட்டையிலிருந்து அழைத்து வந்திருந்தார். அதாவது சோழமண்டலக் கரைப் பையன், நம் பையன் என்றே நான் நினைக்கிறேன். நாக்ஸ் எழுதிய பெரிய நூலில் அவன் ‘கறுப்புப் பையன்’ என்ற அளவோடு நின்றுவிடுகிறான். நாக்ஸைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். இந்தப் பையன் பக்கம் திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு. எனக்கு அவன்தான் முக்கியமாகப் படுகிறான்.

தந்தை போன பிறகு ஒருநாள் நாக்ஸ் ஓடையில் தூண்டில் போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தான். வழியில் போன கிழவர் ஒருவர் பையனை அழைத்து, உன் எசமானுக்குப் புத்தகம் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது அவர் கைக்கு ஒரு புத்தகம் வந்திருக்கிறது. அதை விற்கலாமென்று பார்க்கிறார். வாங்கித் திறந்தால், ஆங்கில பைபிள். காட்டுக்குள், தாய்மொழியில், அவன் மதநூல். நாக்ஸின் கையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பகோடாப் பொற்காசு. அதையே கொடுத்துவிடத் துணிந்தான். பையன் தடுத்தான். அவ்வளவு கொடுக்க வேண்டாம், பின்னல் தொப்பி ஒன்று கொடுத்தாலே கிழவர் தந்துவிடுவார் என்றான். அப்படியே முடிந்தது. அந்தக் காசு மிஞ்சியதும் பைபிள் கிடைத்ததும் அந்தச் சிறுவனின் புத்தியால். அவனும் கைதிதான். ஊரிலிருந்து எசமானால் கொண்டுவரப்பட்டு, எசமானோடு சேர்ந்து இன்னோர் அரசனிடம் பிடிபட்ட இரட்டைக் கைதி.

நாக்ஸ் பஞ்சுநூல் தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், பிறகு எலதெத்தயில் இருபத்தைந்து லாரின் வெள்ளிக்கு நிலம் வாங்கி வீடும் தோட்டமும் அமைத்தான். 1679 செப்டெம்பர் 22ஆம் நாள் அங்கிருந்துதான், ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழனோடு, வியாபாரத்துக்குப் போவதுபோல் கிளம்பினான். அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையோடு நடந்து, அக்டோபர் 18ஆம் நாள் மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். 1681இல் இலண்டனில் அவனுடைய நூல் வெளிவந்தது.

அந்நூலில் கண்டி நாட்டு உழவர்களின் பேச்சுநயத்தை அவன் வியந்து எழுதியிருக்கிறான். ஏர் பிடிக்கும் மனிதன் அரசவையாரோடு சமமாகப் பேசக்கூடியவன் என்கிறான். அந்தக் காலத்து ஐரோப்பியன் ஒருவன் ஆசியக் குடியானவனைப் பற்றி இப்படி எழுதுவது சின்ன விஷயமல்ல. சக கைதி ஒருவனுக்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கும் பிறந்த லூசியா என்ற சிறுமியைத் தன்னிடம் வைத்து வளர்த்தான். தப்பிய பிறகும் எலதெத்த நிலம் அவளைச் சேரட்டும் என்று எழுதி அனுப்பினான். ஆனால் அதே வீட்டில் திருமணமாகாத ஆங்கிலேயர் சிலர் சேர்ந்து, பெண்களை உள்ளே விடுவதில்லை என்று விதி வைத்திருந்தார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டு அந்த மண்ணின் சோற்றைச் சாப்பிட்டும் அந்த மக்களோடு கலந்துவிடக் கூடாது என்ற எண்ணம் அவனை விடவில்லை.

பின்னர் நடந்ததுதான் என்னை உலுக்குகிறது. கிழக்கிந்தியக் கம்பனி நாக்ஸை ‘டொன்குயின் மேர்ச்சன்ட்’ என்ற கப்பலுக்குத் தலைவனாக்கியது. அவன் மடகஸ்காருக்குப் போனான், செயின்ட் ஹெலினாத் தீவுக்காக அடிமைகளை வாங்க. பிடித்துக்கொண்டு போகப்படுவது எப்படி இருக்கும் என்று உடம்பால் அறிந்தவன். வேறு நிறத்து மனிதர் கையால் உயிர் பிழைத்தவன். பரங்கிப்பேட்டைச் சிறுவனோடு சேர்ந்து தன் தந்தையைப் புதைத்தவன். அவன்தான் கறுப்பு மனிதர்களைக் கப்பலில் ஏற்றினான். டானியல் டீஃபோ தன் நாவல்களுக்கு நாக்ஸின் நூலிலிருந்து எடுத்துக்கொண்டவை உண்டு என்பார்கள். ரொபின்சன் குரூசோவும், அடிமைத்தனத்திலிருந்து தன்னோடு தப்பி வந்த சூரி என்ற பையனை ஒரு போர்த்துக்கேயக் கப்பல் தலைவனிடம் விற்றுவிடுவான். படிக்கிற வயதில் அந்த இடத்தை நாம் எல்லோரும் வேகமாகக் கடந்திருப்போம்.

எதிர்பாராத உதவி ஒன்று கிடைத்துவிட்டால் மனதிலுள்ள இனத்துவேசம் கரைந்துவிடும் என்று நாம் கதை சொல்லிப் பழகியிருக்கிறோம். நல்ல கதைதான், நடப்பதும் உண்டு. ஆனால் தானாக நடப்பதில்லை.

நம் வீட்டுக்கு வருவோம். தமிழருக்கெதிரான 1983 கலவரத்தின் நாட்கள். ஜூலை 26, செவ்வாய்க்கிழமை பிற்பகல். கண்டி பேராதனை வீதியில் ஒரு மருந்துக்கடை எரிந்தது. பிறகு காசல் வீதி, கொழும்பு வீதி, திருகோணமலை வீதி என்று தமிழர் கடைகள் எரிந்தன. மாலையில் ஊரடங்கு போட்டார்கள். கண்டியிலும் கொழும்பிலும் அந்த நாட்களில் தமிழரைத் தங்கள் அறைகளில் ஒளித்து வைத்து, வாசலுக்கு வந்த கும்பலிடம் இங்கே யாருமில்லை என்று சொல்லி அனுப்பிய சிங்களக் குடும்பங்கள் உண்டு. அகப்பட்டிருந்தால் அவர்கள் வீடும் எரிந்திருக்கும். அப்படிக் காப்பாற்றப்பட்டவர்கள் இன்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள், சென்னையில் இருக்கிறார்கள், டொரன்டோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அந்தக் குடும்பத்தை இன்றும் கண்கலங்க நினைவுகூர்வார்கள். அடுத்த மூச்சிலேயே ‘மோட்டுச் சிங்களவன்’ என்பார்கள். “அந்த அம்மா தெய்வம். மற்றதுகள் எல்லாம் ஒண்டுதான்.” இந்த வசனத்தைக் கேட்காத ஈழத்தமிழர் இருக்க முடியாது. சிங்களவர் பக்கமும் இதே கதை வேறு வடிவில் நடக்கிறது. பக்கத்து வீட்டுத் தமிழ் ஆசிரியரைத் தலையில் வைத்துக் கொண்டாடிவிட்டு, தேர்தல் மேடையில் ‘பற தெமளா’ என்று தமிழரை வைவதைக் கேட்டால் கைதட்டுவார்கள். தோட்டத் தொழிலாளரைத் ‘தோட்டக்காட்டான்’ என்று நாமே அழைத்ததை எந்தக் கணக்கில் வைப்பது?

உதவி செய்தவரை மட்டும் கூட்டத்திலிருந்து தனியே பிரித்தெடுத்துத் தெய்வமாக்கிவிட்டால், கூட்டத்தைப் பற்றிய எண்ணம் சேதமில்லாமல் அப்படியே இருந்துகொள்ளும். 83இல் இது இன்னும் சுலபமாக நடந்தது. ஒளித்து வைத்த இரவு முடிந்ததும் தமிழர் அகதி முகாமுக்குப் போனார்கள். அங்கிருந்து பலர் ‘லங்கா கல்யாணி’ போன்ற கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். பிறகு போர் வந்தது, பாதை மூடியது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து, சண்டை போட்டு, சமாதானமாகி, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைத்து வாழ வாய்ப்பே இருக்கவில்லை. நன்றி மட்டும் மிஞ்சியது. நன்றி பெரியதுதான். ஆனால் வாங்கியவரைக் கீழேயும் கொடுத்தவரை மேலேயும் அது நிறுத்திவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் துவேசத்தின் இயல்பைப் பற்றி எழுதிய நூலில், இரு இனத்தார் சந்திப்பது மட்டும் போதாது என்றார். சமமான நிலையில் சந்திக்க வேண்டும். ஒரே இலக்குக்காகக் கூடி உழைக்க வேண்டும். சட்டமும் நிறுவனமும் அதற்குத் துணை நிற்க வேண்டும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாக வைத்து பெட்டிக்ரூ, ட்ரொப் என்ற உளவியலாளர்கள் 2006இல் ஆராய்ந்தார்கள். பழகினால் துவேசம் பொதுவாகக் குறைகிறது, ஆல்போர்ட் சொன்ன சூழல் இருந்தால் இன்னும் நன்றாகக் குறைகிறது என்று கண்டார்கள். நாக்ஸுக்கு வாய்க்காதது இதுதான். அவனுக்கு வந்த சோறு அரசன் கட்டளைச் சோறு. அவன் அருகிலிருந்த சிறுவனோ அவனுக்குச் சொத்துப்போல் வந்து சேர்ந்தவன்.

இந்தச் சூழலை ஒருவர் முயன்று உருவாக்கினால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேறு நாடு போகத் தேவையில்லை. பிலிமத்தலாவையிலேயே இருக்கிறது இலங்கை இறையியற் கல்லூரி. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்த திருச்சபைகள் சேர்ந்து 1963இல் தொடங்கியது. வருடத்தைக் கவனியுங்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது, 1958இல் கலவரம் நடந்தது. நாடே மொழியால் இரண்டாகப் பிளந்துகொண்டிருந்த காலத்தில், சிங்களத்திலும் தமிழிலும் குருமாரைப் பயிற்றுவிக்க, இரு இனத்து மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் கல்லூரியை இந்த மலைச்சரிவில் எழுப்பினார்கள். யாழ்ப்பாணத்துப் பையனும் மொறட்டுவைப் பையனும் அங்கே ஒருவருக்கொருவர் விருந்தாளிகளல்லர். இருவரும் மாணவர்கள். ஒருவர் மொழி மற்றவர் காதில் தினமும் விழுகிறது. இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இரு மொழியும் அருகருகே இருப்பது இந்தப் பகுதிக்குப் புதிதும் அல்ல. எலதெத்தவுக்கு அருகேதான் கடலாதெனிய விகாரை. 1344இல் அதைக் கட்டிய சிற்பியின் பெயர் கணேஸ்வராசாரி, தென்னிந்தியப் பாணிக் கட்டடம். அதே காலத்தில் எழுந்த லங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களக் கல்வெட்டும் உண்டு, தமிழ்க் கல்வெட்டும் உண்டு. பௌத்த விகாரைக்கு நிலம் விட்ட செய்தியை இரு மொழியிலும் வெட்டி வைத்தால்தான் சரி என்று ஓர் அரசு அன்றைக்கு நினைத்திருக்கிறது. அங்கே போகும் நம்மவர்கள் தமிழ் எழுத்தைத் தேடிப் பார்க்காமல் படம் பிடித்துக்கொண்டு திரும்புவது எனக்கு வருத்தமான விஷயம்.

உதவி பெற்றவர் மனம் மாறுவதைப் பற்றியே இதுவரை பேசினோம். உதவி கேட்டு யாரும் வாசலுக்கு வராமலே, தன் இனம் செய்ததைப் பார்த்து வாய் திறந்த மனிதர் ஒருவரும் இந்தக் கதையில் உண்டு. குருநாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. கொழும்பின் பெரிய அரசியல் குடும்பத்துச் சிங்களவர். 1962 முதல் ஆயராக இருந்தவர். 83 ஜூலைக்குப் பிறகு, செப்டெம்பரில், தன் சபையார் முன்னால் ஆற்றிய உரையில், சிங்களவர் என்ற முறையில் வெட்கப்படுவதாகச் சொல்லித் தமிழரிடம் மன்னிப்புக் கேட்டார். அரசாங்கத்தின் வாயிலிருந்து இரங்கல் சொல்கூட வராத மாதங்கள் அவை. அந்த உரைக்குப் பின் அவர் அதிக நாள் வாழவில்லை. அக்டோபர் 23ஆம் நாள் காலமானார்.

ஆயராவதற்கு முன்னர், 58க்குப் பிந்திய ஆண்டுகளில், அவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான குருவாக இருந்தார். அதே பல்கலைக்கழக விடுதிகளில்தான் 1983 மே மாதம், ஜூலைக்கு முன்பே, தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். பிலிமத்தலாவையிலிருந்து பேராதனை பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். அடுத்த வாரம் அங்கே போவோம்.