கால்நடை அறிவியல் படித்தால் என்ன வேலை?

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் நம் வீடுகளில் பேசப்படுவது மருத்துவமும் இன்ஜினியரிங்கும்தான். ஆட்டு வியாபாரம், இறைச்சி, தோல் என்று தலைமுறைகளாகக் கால்நடையை நம்பி வாழும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஆனால் அதையே பட்டமாகப் படிக்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்பவர்கள் எத்தனை பேர்?

இத்துறையில் இருவகைப் படிப்புகள் உள்ளன. முதலாவது, ஐந்தரை ஆண்டு கால்நடை மருத்துவப் பட்டம் (பி.வி.எஸ்சி. அண்ட் ஏ.ஹெச்.). இரண்டாவது, கோழியினம், பால்வளம், உணவு ஆகிய பிரிவுகளில் நான்கு ஆண்டு பி.டெக். இவற்றை 1989-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நடத்துகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது. 1984-ம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றுப் பதிவு செய்தவரே மருத்துவராகத் தொழில் செய்யலாம். பி.டெக். முடித்தவர் கிளினிக் வைக்க முடியாது. விண்ணப்பிக்கும் முன்பே இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வருந்த வேண்டியதில்லை.

கால்நடை மருத்துவருக்கு உள்ள வாய்ப்புகள்:

* டி.என்.பி.எஸ்.சி. மூலம் அரசுக் கால்நடை உதவி மருத்துவர் பணி
* ராணுவத்தின் ரிமவுண்ட் அண்ட் வெட்டர்னரி கோர் பிரிவில் அதிகாரி பணி
* உயிரியல் பூங்கா, தடுப்பூசி மற்றும் மருந்து நிறுவனங்கள், சொந்த கிளினிக்
* ஏற்றுமதி இறைச்சிக்கான பரிசோதனையும் சுகாதாரச் சான்றிதழும். இறைச்சித் தொழிலில் இருக்கும் நமக்கு இது மிக நெருக்கமான பணி.

பி.டெக். படித்தவர்களுக்குப் பால் பதப்படுத்தும் ஆலைகள், தீவன ஆலைகள், நாமக்கல் போன்ற ஊர்களின் கோழிப் பண்ணைகள், உணவு நிறுவனங்களின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு ஆகியவை காத்திருக்கின்றன.

வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வைக் கால்நடை மருத்துவம், பால்வளம் படித்தவர்களும் எழுதலாம். ஆராய்ச்சியில் ஆர்வமுள்ளவர்கள் பரேலி அருகிலுள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்திலோ கர்னாலில் உள்ள தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனத்திலோ மேற்படிப்பைத் தொடரலாம்.

மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத கால்நடை மருத்துவ இடங்களுக்கு மட்டுமே நீட் வேண்டும். கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் அவசியம். உணவு, பால்வளப் பிரிவுகளுக்குக் கணிதமும் தேவை. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீதமும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதமும் இங்கும் உண்டு. சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைப்போம். கடைசி நேரத்தில் ஒரு தாளுக்காக இடத்தை இழக்க வேண்டாம்.

ஆடு வாங்கி விற்கத் தெரிந்த நம் வீடுகளிலிருந்து, அந்த ஆட்டின் நோயைத் தீர்க்கத் தெரிந்தவர்களும் வர வேண்டும். இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதும் பிள்ளையிடம் இதைப் பற்றி இன்றே பேசுவோம்.