ஒரு நாடு, நான்கு சொற்கள்

தென்னாப்பிரிக்காவின் நடுவே, நான்கு புறமும் அந்த ஒரே நாட்டால் சூழப்பட்டு, மலைகளின்மேல் அமைந்த சிறிய அரசு ஒன்று உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குக் கீழே அங்கே ஓரடி நிலமும் இல்லை. அட்லஸில் அதன் பெயரைப் பார்க்கும் நாம் 'லெசோத்தோ' என்று வாசிக்கிறோம். அந்நாட்டார் சொல்வதோ 'லெசூட்டூ'. ஆங்கில எழுத்தில் டீயும் எச்சும் சேர்ந்து வருவதைக் கண்டு 'த' என்று ஒலிக்கக்கூடாது. மூச்சை அழுத்திவிட்டுச் சொல்லும் 'ட' அது. இருபுறமும் உள்ள 'ஓ' எழுத்து 'ஊ' போல ஒலிக்கும்.

அந்நாட்டவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் உண்மையான தடுமாற்றம். இந்தியாவுக்கு இந்தியன், கென்யாவுக்குக் கென்யன் என்று பழகிய கை, 'லெசூட்டன்' என்று எழுதப் பார்க்கும். அது வேண்டாம். நாடு லெசூட்டூ, மக்கள் பசூட்டூ, அவர்களில் ஒருவர் மொசூட்டூ, அவர்கள் மொழி செசூட்டூ. தமிழ், தமிழர், தமிழச்சி என்று நம் மொழியில் சொல்லின் வால் மாறுகிறது. அவர்கள் மொழியில் தலை மாறுகிறது, அவ்வளவுதான். ஆணானாலும் பெண்ணானாலும் மொசூட்டூவே.

இந்நான்கையும் ஆங்கிலம் அப்படியே ஏற்றுக்கொண்டுள்ளது. ஆகவே 'எ மொசூட்டூ நர்ஸ்' என்பது சரி. 'எ பசூட்டூ' என்று எழுதினால், 'ஒரு தமிழர்கள் வந்தார்' என்பது போலாகும். கடைசியில் எஸ் சேர்த்துப் 'பசூட்டூஸ்' என்பது அதைவிட வேடிக்கை; பன்மைக்கு மேல் இன்னொரு பன்மை! அரசாங்கம், மலை, ஆறு முதலியவற்றுக்கு நாட்டின் பெயரையே அடைமொழியாக்கலாம். மக்களின் கம்பளி, தொப்பி போன்றவற்றுக்குப் பசூட்டூ. 2006 முதல் அந்நாட்டுக் கொடியின் நடுவில் விளங்கும் கூம்பு வடிவப் புல் தொப்பி, ஆங்கிலத்தில் 'பசூட்டூ ஹேட்' தான்.

பழைய புத்தகங்களில் 'பசுட்டோலாந்து' என்றிருக்கும். 1868-ல் பிரிட்டிஷ் பாதுகாப்பின்கீழ் வந்தபின், ஆண்டவர்கள் காதில் விழுந்த விதமாக மக்கள் பெயரை எழுதி, அதோடு 'லாந்து' ஒட்டினார்கள். 1966 அக்டோபர் 4-ல் விடுதலை பெற்றபோது நாடு தன் சொந்தப் பெயரையே சூடிக்கொண்டது. 1966-க்கு முந்திய வரலாற்றை எழுதும் மாணவி பழைய பெயரைக் குறிப்பதில் பிழையில்லை. இன்றைய நாட்டை அப்படி அழைப்பது அந்த மக்களுக்கு மரியாதையாகாது.

இந்த மக்களை ஒன்று திரட்டிய அரசர் முதலாம் மொஷ்வேஷ்வே. அவர் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'வ' எங்கும் காணப்படாது. ஓவும் ஈயும் சேர்ந்தே அவ்வொலியைத் தருகின்றன. 1833-ல் வந்து இம்மொழிக்கு எழுத்து முறை வகுத்தவர்கள் பிரெஞ்சு நாட்டுப் புராட்டஸ்டண்ட் போதகர்கள் என்பதை நினைத்தால் இது விளங்கும்.

கத்தோலிக்கத் திருமறை 1862-ல் வந்தது. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த ஆயர் அல்லார்டும் ஜோசப் ஜெரார்டு அடிகளாரும் அரசரிடம் நிலம் பெற்றார்கள். (இதே சபையினர் 1847 முதலே யாழ்ப்பாணத்தில் பணியாற்றி வந்தவர்கள்.) அந்த இடத்துக்குக் குருக்கள் செசூட்டூ மொழியிலேயே 'இயேசுவின் தாயின் ஊர்' எனப் பெயரிட்டார்கள். மக்களோ கத்தோலிக்கரைப் 'பரோமா', அதாவது ரோமையர், என்று அழைத்தார்கள். பலரைக் குறிக்கும் அதே 'ப' தான் இங்கும்! அவர்கள் வாழும் ஊர் ரோமா ஆயிற்று. இன்று அந்நாட்டின் தேசியப் பல்கலைக்கழகம் இருப்பது அங்கேதான்.

ஜெரார்டு அடிகளார் 1914-ல் ரோமாவில் இறந்தார். 1988-ல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் தலைநகர் மசேருவுக்கு வந்து அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் அளித்தார். அவரை ஆங்கிலத்தில் 'அப்பாஸ்டல் ஆஃப் லெசூட்டூ' என்றும் எழுதலாம், 'அப்பாஸ்டல் ஆஃப் தி பசூட்டூ' என்றும் எழுதலாம். முன்னது நாடு, அதனால் 'தி' இல்லை; பின்னது மக்கள்.