பிரின்டும் பெட்டியும் – 9: கறுப்பு விழுங்கிய சதுரங்கள்

2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் நடத்திய விழாவில், ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் 1977-ஆம் வருடத்து டெக்னிகலர் பிரின்ட் ஒன்றை ஓட்டினார்கள். அமெரிக்காவில் அதற்குள் கைவிடப்பட்டுவிட்ட சாய அச்சு முறையில் பிரிட்டனில் போட்ட பிரின்ட் அது. நிறம் மங்காமல் நின்றதற்குக் காரணம் அந்த முறைதான். அதே காலத்து ஈஸ்ட்மென் பிரின்டுகளின் கதி, பழைய படங்கள் ரத்தச் சிவப்பாக ஓடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தப் பிரின்டை வீட்டுக்கு வந்த பதிப்புகளோடு ஒப்பிட உட்காருகிறவர்கள் நேரே 1997 பதிப்பில் செய்த திருத்தங்களுக்குப் போய்விடுகிறார்கள்: முதலில் சுட்டது ஹான் சோலோவா, க்ரீடோவா? சுவையான வம்புதான். ஆனால் ஒரு ஷாட்டைக்கூடத் தொடாமலே வீடியோ ஒரு படத்தை வேறு படமாக்கிவிட முடியும். வம்பில் அது காணாமல் போகிறது.

எண்பதுகளின் விஎச்எஸ் கேசட்டில் ஓரங்களை வெட்டியதால் அகலத்திரைச் சட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போயிற்று. அதைவிட வினோதமானது விண்வெளிச் சண்டை. பறக்கும் ஒவ்வொரு கலத்தையும் சுற்றி மங்கலான ஒரு சதுரம் கூடவே பறக்கும். நீலத்திரைக்கு முன் மாதிரிக் கலத்தைப் படமெடுக்கும்போது விளக்கு, தாங்கு கம்பி எல்லாம் சட்டத்துக்குள் விழும்; அவற்றை மறைக்கக் கலத்தைச் சுற்றி ஒரு மறைப்பு போட்டு, பிறகு நட்சத்திர வானத்தோடு சேர்ப்பார்கள். மறைப்புக்கு உள்ளே இருக்கும் கறுப்புக்கும் வெளியே இருக்கும் கறுப்புக்கும் இம்மியளவு வித்தியாசம் இருக்கும். தியேட்டர் பிரின்டின் அடர்ந்த கறுப்பு அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். டிவிக்காகக் கறுப்பைச் சற்றே வெளுக்க வைத்ததும் சதுரம் வெளியே வந்துவிட்டது. இந்த விண்வெளிக் காட்சிகளின் வேலைக்கு ஆப்டிகல் பிரிவைக் கவனித்த ராபர்ட் பிளாலக் உள்ளிட்ட ஐவர் ஆஸ்கர் வாங்கினார்கள். அவர்கள் கணக்குப் போட்டது பிரின்டை வைத்து. கேசட் பார்த்தவர்களோ ‘அந்தக் கால கிராஃபிக்ஸ் அவ்வளவுதான்’ என்றார்கள்.

இன்றைய ஸ்கேனர் நெகட்டிவிலிருந்தே படத்தை எடுக்கிறது. சாதாரண பிரின்டோ அதற்கு இரண்டு மூன்று தலைமுறை தள்ளிய நகல். அப்படியானால் வீட்டுப் பதிப்புதானே மூலத்துக்கு நெருக்கம் என்று கேட்கலாம். நுணுக்கம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் நெகட்டிவ் என்பது சமையலுக்கு முந்தைய அரிசி. எவ்வளவு இருட்டு, எந்த நிறம் என்பதெல்லாம் பிரின்ட் போடும்போதுதான் தீர்மானமாகிறது. பிரின்டின் சாட்சியைக் கேட்காமல் நிறம் திருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2004 டிவிடியே போதும்: ஃபால்கன் கலத்துக்குள் நாயகன் லூக் பயிற்சி செய்யும்போது அவனுடைய நீல வாள் பச்சையடிக்கிறது. இயக்குநர் ஜார்ஜ் லூகாஸுக்குத் தன் படத்தை மாற்ற உரிமை உண்டு என்பார்கள். இருக்கட்டும், வாள் பச்சையானது யாருடைய கலைத் தீர்மானமும் அல்ல, 2011 புளூ-ரேயில் திருத்திவிட்டார்கள். 2006-இல் ‘மாற்றாத’ பதிப்பு என்று இணைப்பாகக் கொடுத்த டிவிடியும் 1993 லேசர் டிஸ்க்குக்காகச் செய்த மாஸ்டரிலிருந்து எடுத்ததுதான். காட்சிகள் பழையவை; அசைவில் இழுபடும் உருவங்கள் தொண்ணூறுகளின் இரைச்சல் நீக்கி செய்த கைங்கரியம்.

வலுவான மறுப்பு இன்னொன்று இருக்கிறது: பிரின்ட் மட்டும் ஒரே மாதிரியா? லேபுக்கு லேப் சாயம் மாறும், தியேட்டருக்குத் தியேட்டர் விளக்கு மாறும். உண்மை. எந்த ஒரு பிரின்டையும் வேதவாக்காகக் கொள்ள முடியாது. ஆனால் அந்த மாறுபாடு எல்லாம் ஒரு வரம்புக்குள் நடந்தது. எந்த நல்ல பிரின்டிலும் கலத்தைச் சுற்றிச் சதுரம் அப்படித் துருத்தித் தெரியவில்லை. பிரின்டே சாட்சி என்ற என் வாதம் ஒலியில்தான் நிஜமாகவே தடுமாறுகிறது. 70 எம்.எம்.முக்கு ஒன்று, டால்பி ஸ்டீரியோவுக்கு ஒன்று, மோனோவுக்கு ஒன்று என 1977-லேயே மூன்று கலவைகள் இருந்தன. மோனோவில் லூக்கின் அத்தைக்கு வேறொருவர் குரல். ஸ்டீரியோவில் இல்லாத வசனம் ஒன்றை மோனோவில் ரோபோ சி-த்ரீபிஓ பேசுகிறது. அவற்றில் எதை மூலம் என்பது? அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.