பெர்மிட் முடியப் போகுதா? 'கம்பெனி பாத்துக்கும்' என்று சும்மா இருந்துவிடாதீர்கள்!

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைப் பந்தல் வைத்திருப்பவரிடம் கவாத்து எடுத்து எத்தனை நாளாச்சு என்று கேளுங்கள். யோசிக்காமல் சொல்லிவிடுவார். கவாத்தில் இருந்து அறுப்பு வரை ஏறக்குறைய நாலு மாதம். எந்த நாளில் மருந்து, எந்த நாளில் தண்ணீர் என்ற கணக்கு மனதிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

அதே வீட்டில் இருந்து துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போயிருக்கும் பையனின் வேலை அனுமதி என்றைக்கு முடிகிறது என்று கேட்டால், "ரெண்டு வருஷம்னு சொன்னாங்க... அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

வெளிநாட்டு வாழ்க்கையில் ஒருவரைச் சட்டப்படியான தொழிலாளியாகவும், மறுநாளே சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவராகவும் மாற்றுவது அந்த ஒரு தேதிதான். அதற்கு முதல் நாள் செய்ய வேண்டியதை மறுநாள் செய்தால் அபராதம், கைது, திரும்ப நுழையத் தடை என்று விஷயம் வேறு திசைக்குப் போய்விடும். அந்தத் தேதி நெருங்கும்போது என்ன செய்யணும்? போனில் நாம் அடிக்கடி கேட்கும் நாலு வாக்கியங்களை வைத்தே பார்ப்போம்.

முதலில், எந்தத் தேதி?

நம் ஊரில் எல்லாவற்றையும் 'விசா' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் மூன்று தனித்தனித் தேதிகள் இருக்கின்றன. விசா என்பது நாட்டுக்குள் நுழைவதற்கான அனுமதி. சவுதியில் இக்காமா, குவைத்தில் சிவில் ஐடி, சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட் என்று கையில் இருக்கும் அட்டை, தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதி. வேலை ஒப்பந்தம் என்பது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலானது. மூன்றும் ஒரே நாளில் முடியும் என்று எந்த உறுதியும் கிடையாது. கணக்கில் வைக்க வேண்டியது நடுவில் இருக்கும் தேதியை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அட்டையில் ஒரு தேதி இருக்கும், அரசாங்கத்தின் கணினியில் வேறு நிலை இருக்கும். நிறுவனம் அனுமதியை இடையிலேயே ரத்து செய்துவிட்டால், கையில் உள்ள அட்டையில் இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்தாலும் அது வெறும் பிளாஸ்டிக்தான். அதனால் அட்டையை மட்டும் நம்பக் கூடாது. சவுதியில் அப்ஷர், கிவா, குவைத்தில் சஹல், கத்தாரில் மெட்ராஷ், சிங்கப்பூரில் எஸ்ஜி ஒர்க்பாஸ் போன்ற அரசுச் செயலிகளில் தொழிலாளி தன் நிலையைத் தானே பார்க்க முடியும். மாதச் சம்பளம் வந்ததா என்று பார்ப்பதுபோல, மாதம் ஒருமுறை இதையும் பார்த்துவிடணும்.

"கம்பெனி பாத்துக்கும்"

இது பாதி உண்மை. வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா ஆகிய இடங்களில் வேலை அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டியது முதலாளிதான். தொழிலாளி தானாகப் போய்ப் புதுப்பிக்க முடியாது. ஆனால் முதலாளி செய்யவில்லை என்றால் போலீஸ் நிறுத்திக் கேட்பது தொழிலாளியைத்தான்.

சவுதியில் 2021-இல் இருந்து இக்காமாவை மூன்று மூன்று மாதமாகக்கூடப் புதுப்பிக்கலாம். நிறுவனத்துக்கு இது வசதி. தொழிலாளிக்கோ வருடத்துக்கு ஒருமுறை வந்த கவலை நாலு முறை வரும். தாமதமானால் முதல் முறை 500 ரியால், இரண்டாம் முறை 1,000 ரியால் அபராதம். மூன்றாம் முறை நாடுகடத்தல் வரை போகலாம். அதே 2021 மார்ச்சில் வந்த தொழிலாளர் சீர்திருத்தத்தில் ஒரு வழியும் இருக்கிறது. முதலாளி அனுமதியைப் புதுப்பிக்காமல் காலாவதியாக விட்டால், அவர் சம்மதம் இல்லாமலே வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம். இது தெரியாமல் கஃபில் காலில் விழுந்துகொண்டு இருப்பவர்கள் உண்டு.

சிங்கப்பூரிலும் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. கட்டுமானத் தொழிலாளியின் பெர்மிட் முடிய 40 நாளில் இருந்து 21 நாள் வரை இருக்கும் இடைவெளியில், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புது முதலாளி அவருக்காக விண்ணப்பிக்கலாம். இந்த மூன்று வாரத்தைத் தவறவிட்டுவிட்டு, கடைசி வாரத்தில் வேறு கம்பெனி தேடி அலைந்தால் பலன் இருக்காது. பெர்மிட் முடிந்தால் ஊருக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் தொழிலாளிக்கும் அவர் 5,000 சிங்கப்பூர் டாலர் பிணையம் கட்டியிருப்பார். பெர்மிட் ரத்தானதுமே டிக்கெட்டைக் கையில் கொடுத்து அவசரப்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

'ஃப்ரீ விசா' என்ற பெயரில் போனவர்கள் நிலை இன்னும் மோசம். அனுமதி ஒருவர் பெயரில் இருக்கும், வேலை இன்னொரு இடத்தில் நடக்கும். பெர்மிட் முடியும்போது வேலை கொடுப்பவருக்குப் புதுப்பிக்க அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவருக்கு அக்கறை இல்லை.

"இன்னும் ரெண்டு மாசம் டைம் இருக்குப்பா"

இது சலுகைக் காலத்தைப் பற்றிய பேச்சு. ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதி முடிந்த பிறகோ ரத்தான பிறகோ வெளியேற, ஆளின் பிரிவைப் பொறுத்து 30 நாள் முதல் 180 நாள் வரை தருகிறார்கள். பக்கத்து ரூம்காரருக்கு 60 நாள் கிடைத்தது என்பதால் நமக்கும் 60 என்று நினைக்கக் கூடாது. ரத்துச் சான்றில் வெளியேற வேண்டிய கடைசி நாள் அச்சாகியிருக்கும். அதுதான் கணக்கு. அந்த நாளைத் தாண்டினால் தினமும் 50 திர்ஹாம் அபராதம். 100 நாள் ஆனால் 5,000 திர்ஹாம். சாதாரணத் தொழிலாளிக்கு அது சில மாதச் சம்பளம்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதுதான்: சலுகைக் காலம் தங்குவதற்கு மட்டுமே, வேலை பார்ப்பதற்கு அல்ல. 'சும்மா இருக்கிற நேரத்துல ரெண்டு காசு பாப்போம்' என்று ஹோட்டலிலோ கடையிலோ நின்று பிடிபட்டால், சட்டப்படி இருந்தவரும் குற்றவாளி ஆகிவிடுவார்.

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கும் 2017-இல் இருந்து இப்படி ஒரு காலம் உண்டு. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள், அல்லது ஐ-94 பதிவில் உள்ள தேதி வரை. இதில் எது முதலில் வருகிறதோ அதுவே கெடு.

"அப்ளை பண்ணியாச்சு, பயம் இல்ல"

இங்கேதான் நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம். கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், அனுமதி முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும் வரை சட்டப்படியான நிலை தொடரும். கனடாவில், பழைய பெர்மிட்டில் இருந்த அதே நிபந்தனைகளோடு வேலையும் தொடரலாம். ஆனால் இடையில் தம்பி கல்யாணத்துக்கு என்று நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பினால், புது பெர்மிட் கைக்கு வரும் வரை வேலை பார்க்கும் உரிமை கிடையாது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அன்றே வேலையை நிறுத்தணும். அதன் பிறகு 90 நாளுக்குள் நிலையை மீட்கக் கேட்டு விண்ணப்பிக்கலாம். மீட்பு கிடைக்கும் வரை வேலை பார்க்க முடியாது.

அமெரிக்காவில் எச்-1பி நீட்டிப்பை நிறுவனம் உரிய காலத்துக்குள் தாக்கல் செய்துவிட்டால், பழைய தேதி முடிந்த பிறகும் அதே நிறுவனத்தில் 240 நாள் வரை வேலை தொடரலாம்.

சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் இந்த விதியை அப்படியே தனக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. கனடாவில் இருக்கும் சித்தப்பா மகன் சொன்னது அவருக்குச் சரி, நமக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. 'அப்ளை பண்ணியாச்சு' என்று சூப்பர்வைசர் வாய்ச்சொல்லாகச் சொன்னால், விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத விண்ணப்பத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

"எப்படியும் பொதுமன்னிப்பு வரும்"

வந்திருக்கிறது, உண்மைதான். அமீரகத்தில் 2018-இல் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையும், மறுபடி 2024 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரையும் கொடுத்தார்கள். குவைத் 2024 மார்ச் 17-இல் தொடங்கி ஜூன் இறுதி வரை கொடுத்தது. மலேசியாவில் 2024 மார்ச் முதல் டிசம்பர் வரை, அபராதத் தொகை கட்டிவிட்டு வழக்கில்லாமல் ஊர் திரும்பும் திட்டம் நடந்தது.

ஆனால் ஒரு மன்னிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே வருடக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். அத்தனை காலம் வங்கிக் கணக்கு இல்லாமல், மருத்துவக் காப்பீடு இல்லாமல், சம்பளம் தராவிட்டால் கேட்க இடம் இல்லாமல், அப்பா இறந்தால் வந்து பார்க்கவும் முடியாமல் இருப்பதை யாரும் திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது. சவுதியில் 2013-இல் கொடுத்த அவகாசம் நவம்பர் 3-இல் முடிந்ததும் அடுத்த நாளே சோதனைகள் தொடங்கிவிட்டன.

தண்டனையும் லேசானதல்ல. சிங்கப்பூரில் 90 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கினால் ஆறு மாதம் வரை சிறையோடு, ஆண்களுக்குக் குறைந்தது மூன்று பிரம்படி உண்டு. மலேசியாவில் காலம் கடந்து தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ ஐந்து வருடம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் மலேசியா போய்வரலாம் என்றானதும், 'அங்க போனதும் பெர்மிட் போட்டுத் தர்றோம்' என்று ஆள் பிடிக்கும் ஏஜென்ட்டுகளுக்கு வசதியாகிவிட்டது. அது சுற்றுலா அனுமதி. அதில் போய் வேலை பார்ப்பவரிடம் புதுப்பிக்கக்கூடிய பெர்மிட் என்று ஒன்று ஆரம்பத்தில் இருந்தே இல்லை.

தேதி தாண்டிவிட்டால்?

ஒளிந்துகொள்வதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. நாள் கூடக் கூட அபராதமும் கூடும். முதல் வேலை, இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்வது. பாஸ்போர்ட் முதலாளியிடம் மாட்டியிருந்தாலோ தொலைந்திருந்தாலோ, ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். நம் ஆட்கள் 'அவுட்பாஸ்' என்பது இதைத்தான். 2009-இல் தொடங்கிய இந்திய சமுதாய நல நிதியில் இருந்து, கையில் காசில்லாதவர்களுக்குத் தங்குமிடம், விமான டிக்கெட், சட்ட உதவி ஆகியவற்றுக்கு உதவ வழி உண்டு.

சம்பள பாக்கி இருந்தால் புறப்படும் முன்பே புகார் கொடுத்துவிடணும். சிங்கப்பூரில் சம்பளப் புகார் விசாரணையில் இருக்கும்போது தங்கியிருக்க 'ஸ்பெஷல் பாஸ்' கொடுப்பார்கள். விமானம் ஏறிய பிறகு கேஸ் நடத்துவது ரொம்பக் கஷ்டம்.

ஊரில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

பாஸ்போர்ட், அனுமதி அட்டை, ஒப்பந்தம் மூன்றின் நகலும் வீட்டில் ஒருவர் போனில் இருக்கணும். அங்கே ஆளுக்குச் சிக்கல் வந்து போன் எடுக்காமல் போனால், இங்கிருந்து புகார் கொடுக்க அந்த எண்கள்தான் கைகொடுக்கும். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் குடும்பத்தாரே புகார் பதியலாம். அமைச்சகத்தின் 24 மணி நேர உதவி எண் 1800 11 3090. தமிழில் பேச, தமிழக அரசின் அயலகத் தமிழர் நல உதவி எண் 1800 309 3793. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுவும் கொடுக்கலாம்.

இன்னொன்று. குடியேற்றச் சோதனை தேவைப்படும் பாஸ்போர்ட்டில் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களுக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு இருக்கும். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். அதன் காலம் இரண்டு அல்லது மூன்று வருடம்தான். பெர்மிட் நீண்டால் காப்பீடும் தானாக நீளாது, தனியாகப் புதுப்பிக்கணும். சிங்கப்பூர் அந்த 18 நாடுகளில் இல்லை.

நாள் கணக்கு

* ஒரு வருடம் முன்பு: பாஸ்போர்ட் தேதியைப் பாருங்கள். பாஸ்போர்ட் முடியும் நாளுக்கு மேல் பல நாடுகள் அனுமதி தருவதில்லை.
* மூன்று மாதம் முன்பு: புதுப்பிக்கப் போகிறார்களா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.
* ஒன்றரை மாதம் முன்பு: பதில் இல்லையா? வேறு நிறுவனத்துக்கு மாறச் சட்டம் என்ன வழி தருகிறது என்று அந்த நாட்டுத் தொழிலாளர் துறையில் கேளுங்கள்.
* ஒரு மாதம் முன்பு: விண்ணப்ப எண் கையில் இருக்கணும். செயலியில் நிலையைப் பாருங்கள்.
* கடைசி வாரம்: எதுவும் நடக்கவில்லை என்றால் சம்பள பாக்கிக்குப் புகார், தூதரகத்துக்குத் தகவல், கையில் டிக்கெட்.

விதிகள் அடிக்கடி மாறும். மேலே சொன்ன தொகையையும் நாளையும் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, இன்று ராத்திரி பையன் போன் பண்ணும்போது "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்ட கையோடு, "பெர்மிட் என்னைக்குப்பா முடியுது?" என்றும் கேட்டு, அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.