அடியில் இளமை, முடியில் முதுமை

எமரால்டு அணையைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு நாம் செல்லும்போது, குடியானவர்கள் ஓர் ஐயத்தை எழுப்புவதுண்டு. "போன வருஷம் கற்பூர மரத்தை வெட்டினோம், ஐயா. அந்த இடத்தில் இப்போது நீல இலையோடு வேறு ஏதோ செடி முளைத்திருக்கிறதே?" என்பர். முளைத்தது வேறு செடி அன்று. அதே கற்பூர மரந்தான். இளமையில் ஓர் உருவமும் முதுமையில் மற்றோர் உருவமும் கொள்வது சில தாவரங்களின் இயல்பு. இதனை அறிந்துகொள்வது நம் நிலத்துக்கும் நீருக்கும் நன்மை பயக்கும்.

கற்பூர மரம் ஆஸ்திரேலிய நாட்டுக்கு உரியது. 1843ஆம் ஆண்டில் கேப்டன் காட்டன் என்பவரால் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் விறகுத் தேவைக்காகப் பெருமளவில் நடப்பட்டது. இதன் நாற்றை உற்று நோக்குங்கள். இலைகள் அகன்றவை, காம்பின்றித் தண்டைத் தழுவி, இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்தவை. அவற்றின்மேல் வெண்ணீலப் பூச்சு ஒன்று உண்டு. விரலால் தேய்த்தால் அது அழியும். தண்டு நாற்பட்டையாக இருக்கும். மரம் ஓங்கிய பின்னரோ, இலைகள் நீண்டு அரிவாள்போல் வளைந்து, காம்புடன் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோன்றிக் கீழ்நோக்கித் தொங்கும். அகன்று விரிந்த இலை இளஞ்செடிக்கு வெளிச்சத்தை நிறையப் பெற்றுத் தருகிறது. தொங்கும் இலையோ உச்சி வெயிலின் கடுமையைத் தவிர்த்து, இருபுறமும் ஒளியைப் பெறுகிறது.

சீகை என்று பொதுவாக வழங்கும் மரங்களுள் பிளாக்வுட் என்னும் இனம் இதனினும் வியப்புக்குரியது. அதன் நாற்றில் புளியஞ்சிற்றிலைகளை ஒத்த நுண்ணிய சிற்றிலைகளே காணப்படும். வளர வளர, இலைக்காம்பு தட்டையாகி, அதுவே இலையின் தொழிலை மேற்கொள்கிறது, சிற்றிலைகள் மறைந்துவிடுகின்றன. நடுப்பருவத்தில், தட்டைக் காம்பின் நுனியில் சிற்றிலைகள் ஒட்டிக்கொண்டிருப்பதையும் காணலாம். ஆனால் கருஞ்சீகை வாழ்நாள் முழுவதும் சிற்றிலைகளையே தாங்கி நிற்கும். சமவெளியில் நாம் நன்கறிந்த பலாவும் இவ்வாறு மாறுவதே. கன்றில் பிளவுபட்ட இலைகள் தோன்றும். முதிர்ந்த மரத்தில் இலைகள் பிளவின்றி இருக்கும்.

இம்மாற்றம் வளரும் நுனியில் நிகழ்கிறது. நுனி முதிர்ந்த பின்னரும், மரத்தின் அடிப்பகுதி இளமைத் தன்மையை இழப்பதில்லை. ஆதலால் வயதில் மூத்த மரத்தின் அடிக்கட்டையிலிருந்தும் இளமை இலைகளுடனேயே போத்துகள் கிளம்புகின்றன. பழ மரங்களை ஒட்டுக் கட்டுவோருக்கும் இது பயன்படும். பூத்துக் காய்க்கும் கிளையிலிருந்து எடுத்த ஒட்டுக் குச்சி, முதிர்ச்சியைத் தன்னோடு கொண்டுவருவதால், விதைக் கன்றைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே காய்க்கிறது. அடியில் கிளம்பும் போத்தினால் அப்பயன் கிட்டாது.

ஊராட்சி உறுப்பினர்கள் இங்கே கருதவேண்டியது ஒன்றுண்டு. மலையில் பெய்யும் மழையை வாங்கி, ஊற்றுகளுக்கு ஊட்டுபவை நம் புல்வெளிகளும் சோலைக்காடுகளும் ஆகும். சீகை அப்புல்வெளிகளில் புகுந்து பரவுகிறது. அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் முளைக்கும் திறனுடன் கிடக்கும். தீப்பட்டால் மேலும் விரைந்து முளைக்கும். இத்தகைய அயல் தாவரங்களை அகற்றித் தாயகத் தாவரங்களை மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வெளியிட்டது. மரத்தை வெட்டியதுடன் வேலை முடிந்துவிட்டதாக எண்ணலாகாது. வளர்ந்த மரத்தின் உருவத்தை மட்டுமே அறிந்தவர், காலடியில் நிற்கும் நாற்றை வேறு செடியென்று விட்டுவிடுவர். அந்நாற்று மரமாகி விதை சொரியும்போது, பட்ட பாடெல்லாம் வீணாகும்.

ஆகவே, மழைக்காலத்தில் மண் ஈரமாக இருக்கையில் நாற்றுகளை வேரோடு பிடுங்குங்கள். வெட்டிய கட்டைகளை அடிக்கடி பார்வையிட்டுப் போத்துகளைக் களையுங்கள். இருவகை இலைகளையும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருப்பதால், வளர்ந்த மரங்களை வெட்டுமுன் வனத்துறையை அணுகி உரிய அனுமதியைப் பெறுதல் வேண்டும். நாற்றைப் பிடுங்க இரு விரல் போதும்; மரமான பின் அதற்குக் கோடரியும் ஆள் கூலியும் தேவைப்படும். இளமையிலேயே இனங்கண்டு களைவோமாக!