பத்து வருடம் எரித்தவரை மாற்றியது புத்தகமா, மனிதர்களா?

ரே பிராட்பரி எழுதி 1953-ல் வெளிவந்த அமெரிக்க நாவல் ‘ஃபாரன்ஹீட் 451’. புத்தகங்களின் அருமையைச் சொல்லும் கதை என்றுதான் பலரும் இதை அறிமுகப்படுத்துவார்கள். அது பாதிதான் சரி.

கதை நடக்கும் எதிர்கால நகரத்தில் புத்தகம் வைத்திருப்பதே குற்றம். பிடிபட்டால் வீட்டோடு சேர்த்துக் கொளுத்திவிடுவார்கள். அந்த வேலையைச் செய்பவர்தான் கதாநாயகன் கய் மான்டாக். தீயணைப்பு வீரர் என்று பெயர், ஆனால் செய்வது பற்றவைக்கிற வேலை!

பத்து வருடமாக இதே உத்தியோகம். சில புத்தகங்களை வீட்டில் ஒளித்தும் வைத்திருக்கிறார். ஆனாலும் மறுநாள் வழக்கம்போல டியூட்டிக்குக் கிளம்பிவிடுகிறார்.

அவரை முதலில் அசைப்பது பக்கத்து வீட்டுப் பெண் கிளாரிஸ். பதினேழு வயது. எதற்கெடுத்தாலும் ‘ஏன்’ என்று கேட்பதால், யாரோடும் ஒத்துப்போகாதவள் என்று பள்ளியில் முத்திரை குத்தப்பட்டவள். ஒரு ராத்திரி, சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று மான்டாக்கிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வீட்டுக்குள் ஓடிவிடுகிறாள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று அலட்சியமாகத்தான் உள்ளே போகிறார் மான்டாக்.

அங்கே மனைவி மில்ட்ரெட், ஒரு பாட்டில் தூக்க மாத்திரையை விழுங்கிவிட்டுக் கிடக்கிறார். டாக்டர்கூட வருவதில்லை. மெஷினோடு இரண்டு ஆட்கள் வந்து, வயிற்றைச் சுத்தம் செய்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். காலையில் மில்ட்ரெடுக்கு எதுவும் நினைவில்லை. காதில் குட்டி ரேடியோ, மூன்று சுவர்களிலும் டிவி. நாலாவது சுவருக்கும் ஒன்று வேண்டுமாம். முதன்முதலில் எங்கே சந்தித்தோம் என்பதுகூட கணவன், மனைவி இருவருக்குமே ஞாபகம் வரவில்லை. கிளாரிஸின் கேள்வி வலிக்க ஆரம்பிப்பது இங்கேதான்.

சில நாட்களில் கிளாரிஸைக் காணோம். கார் மோதி இறந்திருக்கலாம், சொல்ல மறந்துவிட்டேன் என்கிறார் மில்ட்ரெட், சாவகாசமாக.

அடுத்து ஒரு மூதாட்டி. எரிக்க வந்தவர்கள் வெளியே போகச் சொல்லியும் நகர மறுத்து, தானே தீக்குச்சியை உரசிவிடுகிறார். மறுநாள் மான்டாக்கால் வேலைக்குப் போக முடியவில்லை. ஒரு மனுஷி உயிரைக் கொடுக்கும் அளவுக்குப் புத்தகத்தில் என்னதான் இருக்கிறது? இந்தக் கேள்விதான் அவரைப் படிக்க வைக்கிறது.

‘படித்தாலே மனிதன் மாறிவிடுவான்’ என்பவர்களுக்கு நாவலே ஒரு முட்டுக்கட்டை போடுகிறது. மான்டாக்கின் மேலதிகாரி பீட்டி நிறையப் படித்தவர், மேற்கோள்களை அள்ளி வீசுபவர். எரிப்பதிலும் அவர்தான் முதல் ஆள்.

வழிகாட்டுவது பயந்த சுபாவமுள்ள முன்னாள் பேராசிரியர் ஃபேபர். கடைசியில் மான்டாக் போய்ச் சேருவது, ஆளுக்கொரு புத்தகத்தை மனதில் சுமந்து தண்டவாளங்களை ஒட்டி அலைகிற ஒரு கூட்டத்திடம்.

ஃபிரான்சுவா த்ரூஃபோ 1966-ல் எடுத்த படத்தில் கிளாரிஸ் பிழைத்து, இந்தக் கூட்டத்தில் இருப்பாள். பார்க்க ஆறுதலாக இருக்கும். நாவலில் அந்த ஆறுதல் இல்லை. தனியாகத் தண்டவாளத்தில் நடக்கும்போது, எப்போதோ அவளும் இதே வழியில் நடந்திருக்கிறாள் என்று மட்டும் மான்டாக்குக்குத் தோன்றுகிறது.