மண்ணுக்குச் செய்த வண்டி தார்ச்சாலையில்

குவாட் பைக் என்றும் ஏடிவி என்றும் அழைக்கப்படுவது, மோட்டார் சைக்கிளில் அமர்வதுபோல் இருபுறமும் கால்போட்டு அமர்ந்து கைப்பிடியைத் திருப்பி ஓட்டப்படும் நாற்சக்கர ஊர்தியாகும். சேறு, மணல், கரடுமுரடான பாறைத்தடம் ஆகியவற்றைக் கடப்பதற்கென்றே அது வடிவமைக்கப்பட்டது. கடற்கரை விடுதிகளிலும் மலைவாசத்தலங்களின் சாகசப் பூங்காக்களிலும் வாடகைக்கு விடப்படும் இவ்வண்டிக்கு நான்கு சக்கரங்கள் இருப்பதால், இருசக்கர வாகனத்தைவிட இது நிலையானது என்னும் எண்ணம் பார்த்தவுடனேயே தோன்றிவிடுகிறது. வேலிக்கு வெளியே, அடுத்த கடற்கரைக்கோ தேநீர்க் கடைக்கோ தார்ச்சாலை வழியாக ஓட்டிச் செல்வதில் தவறில்லை எனப் பலர் கருதுவதற்கு இவ்வெண்ணமே அடிப்படை. பொறியியல் நோக்கில் இது பிழையான எண்ணம். சட்ட நோக்கில் பார்த்தாலோ, இப்பிழையின் சுமை ஓட்டியவரை விட்டுவிட்டுச் சாலையோரம் நடந்து சென்றவரின் தலையில் விழக்கூடியது.

காரின் டயரில் ஏறத்தாழ 30 பவுண்டு காற்று அடிக்கப்படும் இடத்தில், குவாட் பைக்கின் அகன்ற டயரில் பெரும்பாலும் 4 முதல் 7 பவுண்டு வரையே அடிக்கப்படுகிறது. உள்ளங்கையை ஊன்றி அழுத்தினால் அந்த டயர் சற்றே உள்வாங்கும். அதன் பரப்பெங்கும் விரற்கடை அளவுக்கு ரப்பர்க் கட்டிகள் துருத்திக்கொண்டிருக்கும். சேற்றில் புதைந்து பற்றிக்கொள்ளும் அந்தக் கட்டிகள், கெட்டியான தார்ப்பரப்பில் நுனிகளால் மட்டுமே நின்று, வேகம் கூடும்போது வளைந்து நெளிகின்றன. இதனினும் பெரிய சிக்கல் பின்னச்சில் உள்ளது. ஒரு வாகனம் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தூரம் உருள வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் டிஃபரன்ஷியல் என்னும் பல்லிணைப்பு கார்களில் பொருத்தப்பட்டிருக்கிறது. பல குவாட் பைக்குகளின் பின்னச்சில் அது கிடையாது. இரு சக்கரங்களும் ஒரே தண்டில் இறுகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்கின்றன. மணலில் உட்பக்கச் சக்கரம் சறுக்கிக்கொடுத்து இக்குறையை ஈடுசெய்துவிடும். தாரிலோ அது சறுக்க மறுப்பதால், கைப்பிடியைத் திருப்பிய பிறகும் வண்டி நேராகவே போகப் பார்க்கிறது. பதறிய ஓட்டுநர் இன்னும் ஒடிக்கும்போது டயர் திடீரெனப் பற்றிக்கொள்ள, உட்பக்கச் சக்கரங்கள் தரையைவிட்டு எழுகின்றன. மண்ணில் இவ்வண்டியின் சிறப்பாக இருக்கும் ஒவ்வொன்றும் சாலையில் அதற்கு எதிராகவே திரும்புகிறது என்பதால், திறமையான ஓட்டுநரும் இங்கே முழுப் பாதுகாப்புப் பெற்றவரல்லர்.

உயரமான புவியீர்ப்பு மையமும் குறுகிய சக்கர இடைவெளியும் சேர்ந்து கவிழ்வதை எளிதாக்குகின்றன. பெரியவர்களுக்கான பல மாதிரிகள் 250 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை. கவிழும்போது ஓட்டியவர் மேலேயே உருண்டு விழுவதால், மார்பு நசுங்கி மூச்சடைப்பது இவ்விபத்துகளில் மரணத்துக்கு முக்கியக் காரணமாகிறது. ஆஸ்திரேலிய அரசு, பண்ணைப் பயன்பாட்டுக்கான புதிய குவாட் பைக்குகளில் ஓட்டுநர் காப்புச் சட்டம் எனப்படும் இரும்பு வளைவைப் பொருத்தியே விற்க வேண்டும் என 2021 அக்டோபரிலிருந்து கட்டாயப்படுத்தியது இதனால்தான். உடலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்த்துச் சமன்செய்தே ஓட்ட வேண்டிய வண்டியில், பின்னால் மனைவியையும் முன்னால் குழந்தையையும் ஏற்றிக்கொள்பவர் சாய்வதற்கான இடத்தையே இழந்துவிடுகிறார். அமெரிக்காவில் 1985 முதல் 2009 வரையிலான ஏடிவி மரணங்களை ஆராய்ந்தவர்கள், அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை காட்டுத்தடங்களில் நிகழாமல் சாலைகளில் நிகழ்ந்தன எனக் கண்டனர். சாலையில் ஓட்டாதீர், உடன் ஆளேற்றாதீர் என்னும் எச்சரிக்கைகளைத் தயாரிப்பாளர்களே வண்டியின் மேல் ஒட்டி அனுப்புகின்றனர். வாடகைக்கு விடப்படும் வண்டிகளில் அந்த ஒட்டுத்தாள் வெயிலில் வெளுத்தோ உரிந்தோ போயிருப்பது வேறு கதை.

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 39-ஆவது பிரிவின்படி, பதிவு பெறாத மோட்டார் வாகனத்தை ஓட்டுவதைத் தடைசெய்கிறது. விளையாட்டுக்கான குவாட் பைக்குகள் சாலைப் பயன்பாட்டுக்குரிய வகை ஒப்புதல் இல்லாமலேயே விற்கப்படுவதால், அவற்றுக்கு ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி புத்தகமோ நம்பர் பிளேட்டோ கிடைக்காது. வேளாண் டிராக்டர் என்னும் வகையில் ஒப்புதல் பெற்று 2019-இல் விற்பனைக்கு வந்த மாதிரி போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அரசு அங்கீகரித்த குவாட்ரிசைக்கிள் என்பது கூரையும் கதவும் கொண்ட சிறு வாகனம்; பெயர் ஒலிப்பதைக் கொண்டு இரண்டையும் ஒன்றெனச் சொல்லும் வாடகைக்காரரை நம்ப வேண்டியதில்லை. பொது இடம் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம், பொதுமக்கள் செல்லும் உரிமை பெற்ற எந்த இடத்தையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிந்தது என்பதும் கவனத்துக்குரியது. பதிவின்றி ஓட்டினால் முதல்முறை 5,000 ரூபாய் வரை அபராதமும், காப்பீடின்றி ஓட்டினால் 2,000 ரூபாய் அபராதமோ 3 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். சிறார் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், 199ஏ பிரிவின்கீழ்ப் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. இச்சட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்பது இருசக்கர வாகனத்தையே குறிப்பதால், ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் பிரிவின் சொற்கள் இந்த நாற்சக்கர வண்டிக்கு நேராகப் பொருந்தாமல் போகின்றன. மண்டையோடு அந்த வேறுபாட்டை அறியாது.

அபராதத்தைவிடக் கடுமையானது காப்பீடின்மையின் விளைவு. மூன்றாம் தரப்புக் காப்பீடு, அதாவது வண்டியால் பாதிக்கப்படும் வெளியாருக்கு இழப்பீடு தரும் ஏற்பாடு, பதிவில்லாத வண்டிக்கு அநேகமாக இருப்பதில்லை. ஆகவே அடிபட்டவர் காப்பீட்டு நிறுவனத்தைத் தேடிப் போக முடியாமல் உரிமையாளரின் சொத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கும். ஆயினும் வழி அடைபட்டுவிடவில்லை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், விபத்து நடந்த இடத்திலோ மனுதாரர் வசிக்கும் ஊரிலோ மனுச் செய்யலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதற்கு 6 மாதக் காலவரம்பை விதித்திருப்பதால், வழக்குப் பேசி முடிக்கலாம் எனக் காத்திருப்பது ஆபத்து. யாருடைய தவறு என மெய்ப்பிக்காமலேயே, மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் கோர 164-ஆவது பிரிவு இடமளிக்கிறது. தீர்ப்புத்தொகையை உரிமையாளர் செலுத்தாவிடில், மாவட்ட ஆட்சியர் வழியாக நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்க முடியும். சிகிச்சையைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் முதல் 48 மணி நேரத்துக்கான இன்னுயிர் காப்போம் திட்டமும், 2025 மே மாதம் ஒன்றிய அரசு அறிவித்த, 7 நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்கான கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டமும் உள்ளன.

வாடகைக்கு எடுத்து ஓட்டிக் காயமடைந்தவர் நுகர்வோராகவும் வழக்காடலாம். சொந்தப் பொறுப்பில் ஓட்டுகிறேன் என்னும் தாளில் கையொப்பமிட்டதாலேயே, பிரேக் சரியில்லாத வண்டியைத் தந்த பொறுப்பிலிருந்து நடத்துநர் தப்பிவிட முடியாது. சாலையில் அடிபட்ட மூன்றாமவரை அத்தாள் எவ்வகையிலும் கட்டுப்படுத்தாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 2 ஆண்டுகளுக்குள் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். 1915 என்னும் எண் இதற்கான உதவி எண்.

இவ்வழக்குகளில் நடைமுறை இடர் ஒன்று உண்டு. நம்பர் பிளேட் இல்லாததால், விபத்தில் சிக்கியது எந்த வண்டி என்பதே பின்னாளில் வாதத்துக்குரியதாகிவிடுகிறது. விடுதியின் கொட்டகையில் ஒரே நிறத்தில் ஐந்தாறு வண்டிகள் நிற்கும். ஆகவே வண்டி அப்புறப்படுத்தப்படுவதற்கு முன் அதன் இரும்புச் சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் சேசிஸ் எண்ணைப் படமெடுத்து, அந்த எண் எஃப்ஐஆரில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே காவல் நிலையத்தைவிட்டு வெளியேறுவது நல்லது.